கடைசிப் பாத்தி

மலேசியாவில், ஈப்போவில் முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர் சுப்பிரமணி. தண்ணீரைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவருக்குத் திருவண்ணாமலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. வராவிட்டால் யாராவது தொலைபேசியில் கத்துவார்கள், இவர் ஆளை அனுப்புவார். இங்கே கத்துவதற்கு யாருமில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தையும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் காபிக் கடைகளையும் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர், அப்புறம் இடது கைப்பக்கம் ஒரு மண் ரோடு, அதன் கடைசியில் வீடு. மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே மலை தெரியும். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் வெறும் செம்மண். அதைச் சுற்றி ஹாலோ பிளாக் சுவர். சுவருக்கு அந்தப்புறம் யாரோ மனைக்கல் நட்டுவிட்டு மறந்துபோன பொட்டல்.

அறுநூற்றைம்பது அடி போர். அதன் அடியில் எங்கேயோ ஒரு மோட்டார். பின்புறம் இரும்புக் கால்களின்மேல் இரண்டாயிரம் லிட்டர் கறுப்பு டேங்க். அதன் காலடியில், என்றோ தோட்டம் போடலாம் என்று வைத்த ஒரு வால்வு. லாரித் தண்ணீர் வந்தால் ஊற்றிவைக்கத் தரைக்குள் ஒரு சம்ப். குடிக்க வாரத்துக்கு இரண்டு கேன். இவ்வளவையும் கட்டி மேய்ப்பதுதான் ஓய்வுக்காலம் என்றாகிவிட்டது. விடிந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாய் வாயில் காதை வைத்து நிற்பார். சித்திரை பிறந்ததும் போர் அரைமணி நேரத்துக்கு மேல் கொடுக்கவில்லை. அப்புறம் வெறும் காற்று வரும், கரகரவென்று இருமிக்கொண்டு. அந்த இருமல் வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போய்விடும் என்று மெக்கானிக் அறிவுச்செல்வன் சொல்லியிருந்தான். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை விரல் முட்டியால் தட்டியே சொல்லக் கற்றுக்கொண்டார். பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு என்று அருணாதேவியும் கற்றுக்கொண்டாள்.

அருணாதேவி ஈப்போவில் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். மகன் பெர்த்தில் இருக்கிறான். அண்ணாமலையார் காலடியில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, அவளுடையது அல்ல. சுப்பிரமணியின் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறினார். அவர் விட்டுப்போன காகிதத்தில் திருவண்ணாமலை தாலூக்கா என்பது மட்டும் படிக்க முடிந்தது. ஊர்ப் பெயர் இருந்த இடத்தைச் செல்லரித்துவிட்டது. "ரெண்டு வருஷம் பார்ப்போம். எனக்கு ஒத்துவரலன்னா ஒரு வார்த்தை பேசாம திரும்பிடணும்" என்று சொல்லித்தான் அவள் விமானம் ஏறினாள். அந்த இரண்டு வருஷம் வருகிற ஆனியோடு முடிகிறது.

ஊரில் அவர்களை யாரும் விரோதமாகப் பார்க்கவில்லை, சொந்தமாகவும் பார்க்கவில்லை. மலேசியாக்காரர் ஊடு, அவ்வளவுதான். வெள்ளையம்மாள் மட்டும்தான் உள்ளே வந்து போகிறவள். இரண்டு கொல்லி தள்ளி அவள் வீடு, நிலத்துக்கு இங்கே கொல்லி என்றுதான் பெயர். காலை ஆறரைக்குப் பாலோடு வருவாள். பெருக்குவாள், துணி துவைப்பாள், ஒரு கை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருந்தால் வறுத்துத் துவையல் அரைத்துக் கொடுப்பாள். இவர்கள் பேசும் தமிழில் ஒரு வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். பதினோரு மணி ஆனால் கையில் இருக்கிற வேலையைப் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவாள். வீட்டுக்காரர் படுக்கையில் கிடக்கிறார் என்று ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள் அது நடந்தது. காலையில் டேங்க் முக்கால் அளவு ஏறியிருந்தது. சுப்பிரமணி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டதும் முன்னறையில் ஏர்கூலரைப் போட்டு இருவரும் படுத்தார்கள். மூன்று மணிக்கு முகம் கழுவப் போன அருணாதேவி கூப்பிட்டாள்.

"என்னங்க, பைப்புல தண்ணி இல்ல."

"இருக்கும். நல்லாத் திருகு."

"திருகிட்டேன். வந்து பாருங்க."

பின்கதவைத் திறந்துகொண்டு போய் டேங்கைத் தட்டினார். மேலிருந்து கீழ்வரைக்கும் டங்கென்று வெற்றுச் சத்தம். காலடியில் தோட்டத்து வால்வு முழுசாகத் திறந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

காலையில் வெறும் பொட்டலாக இருந்த செம்மண்ணில் வரப்பு எழும்பியிருந்தது. கணுக்கால் உயரத்துக்கு, நூல் பிடித்த மாதிரி. ஓரமாக ஒரு கால்வாய், அதிலிருந்து வரிசையாகப் பாத்திகள், பாத்திக்கு ஒரு மடை. முதல் ஐந்து பாத்தியும் நனைந்து கறுத்து, அந்த வெயிலில் மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மற்றவை காய்ந்து கிடந்தன. எங்கும் ஒரு கால் தடம் இல்லை. வாசல் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. இதையெல்லாம் வெட்டி இழுக்க மம்முட்டி வேண்டும். அவர்கள் வீட்டில் மம்முட்டியே கிடையாது.

முதலில் யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். இரண்டு நாள் விட்டு மறுபடி நடந்தது. அடுத்த நாளும் நடந்தது. அறிவுச்செல்வனை வரவழைத்தார். அவன் வால்வைக் கழற்றிப் பார்த்தான், பைப்பை எல்லாம் தடவிப் பார்த்தான். கடைசியில் பாத்திகளின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"லீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வால்வைத் தொறந்தா தண்ணி போவுது, மூடினா நிக்குது. அதுல இன்னா ரிப்பேர் பண்றது?"

"அப்ப யார் திறக்கிறது?"

"அத்த நான் எப்படி சார் சொல்ல முடியும்?" அவன் வரப்பை விரலால் தொட்டான். "ஆனா ஒண்ணு. இது தண்ணி கட்டத் தெரிஞ்ச ஆளு போட்ட பாத்தி. மல்லாட்டைக்குப் போடற பாத்தி சார் இது. எங்கப்பா காலத்துல இப்படிப் போடுவாங்க. இப்ப யாரு இந்த மாதிரி கையால இழுக்கறாங்க? ஊருக்குள்ள தேடினாலும் ரெண்டு ஆளு கெடைக்க மாட்டாங்க."

முதல் தடவை பாத்தி எழும்பிய மறுநாள் காலை நடந்தது சுப்பிரமணிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளையம்மாள் விளக்குமாற்றோடு பின்பக்கம் போனாள். அவர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாத்திகளைப் பார்த்து நின்றாள். ஐயோ இது என்ன என்று கேட்கவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் துணிக்கொடிக்குப் போவதற்காகக் குறுக்கே நடந்தாள். ஒரு வரப்பைக்கூட மிதிக்காமல், பயிர் நிற்கிற கொல்லியில் நடக்கிற மாதிரி, பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து நடந்தாள்.

அறிவுச்செல்வன் போன பிறகு அருணாதேவி பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். "நான் பேயுன்னு சொல்லலைங்க. மனுஷன்னும் சொல்லல. தண்ணி இல்லாத ஊர்ல இருக்கிற தண்ணியும் இப்படிப் போனா நம்மளால முடியாது, அதைத்தான் சொல்றேன்" என்றாள்.

"ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துடறேன் தேவி" என்றார் அவர்.

மறுநாள் மத்தியானம் ஏர்கூலரை நிறுத்திவிட்டுச் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டரை இருக்கும். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. முருங்கையில் ஓர் இலை அசையவில்லை. எங்கேயோ கூவிக்கொண்டிருந்த குயில் பாதியில் நிறுத்தியது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை, தூரத்தில் செங்கம் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன்கூட இல்லை. அந்த அமைதிக்குள்ளே வால்வு கிரீச்சென்று திரும்பியது.

கேட் திறக்கவில்லை. சுவரேறி யாரும் குதிக்கவில்லை. ஆனால் பாத்திகளுக்கு நடுவே ஓர் ஆள் நின்றிருந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். கோவணம், தலையில் முண்டாசு. முதுகு வேர்வையில் எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி மினுங்கியது. மம்முட்டியை ஓங்கவில்லை, அதன் கனத்திலேயே விழவிட்டு இழுத்தான். தண்ணீர் அவன் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு பாத்தி நிரம்பியதும் ஒரு வெட்டு மண்ணால் மடையை அடைத்தான், இன்னொரு வெட்டால் அடுத்ததைத் திறந்தான். சுப்பிரமணிக்குக் கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் தண்ணீரைத் திருப்பிவிட்டவர் அவர், வால்வையும் மீட்டரையும் வைத்துக்கொண்டு. இப்படிச் சொன்னபடி கேட்டுப் போகிற தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை.

அந்த ஆள் நிமிரவில்லை. குனிந்தபடியே குரல் கொடுத்தான்.

"டேய் ராமா, இன்னாடா மரமாட்டம் நின்னுனு கீற? மடையை அடை. தண்ணி ஓடிப் பூடுது பாரு."

பின்கதவைத் தாண்டியது சுப்பிரமணிக்கு நினைவில்லை. கால் சேற்றில் புதைந்திருந்தது, குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மடையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கத்திரி வெயிலில் டேங்குக்குள் கொதித்திருக்க வேண்டிய தண்ணீர், மார்கழித் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அடுத்த மடை, அதற்கடுத்தது. பக்கத்தில் மம்முட்டி விழும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், புகையிலை வாசனை. ஆறாவது பாத்தி பாதி நிறைவதற்குள் தண்ணீர் நூலாக இளைத்து நின்றுவிட்டது.

அந்த ஆள் நிமிர்ந்தான். அவன் பார்த்தது சுப்பிரமணியை அல்ல. பின்சுவர் இருக்கும் பக்கம் பார்த்தான், அங்கே சுவரே இல்லாத மாதிரி.

"கடசிப் பாத்திக்கு எட்டலடா" என்றான்.

"என்னங்க! தனியா என்ன பண்றீங்க அங்க?"

அருணாதேவி கதவில் நின்றிருந்தாள். சுப்பிரமணி திரும்பிப் பார்த்தார். அவர் மட்டும்தான் நின்றிருந்தார், முழங்கால் வரை சேற்றோடு.

நடந்ததைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "வெயில் தலைக்கு ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சாயங்காலமே அறிவுச்செல்வன் வந்து வால்வின்மேல் இரும்புப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, சிமென்ட் வைத்து, பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுப் போனான். சாவியை அருணாதேவி சாமி மாடத்தில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. டேங்கைத் தட்டினார், நிறைந்த சத்தம் கேட்டது. அப்பாடா என்று திரும்பும்போது வாசல் கேட்டை யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள். வெள்ளையம்மாள். தலை அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பு இல்லை. அந்த வெயிலில் இரண்டு கொல்லியும் ஓடி வந்திருக்கிறாள்.

"ஐயா, பூட்டு போட்டீங்களா?"

"எந்தப் பூட்டு?"

"தண்ணிக்குப் பூட்டு போட்டீங்களாங்க? போட்டிருந்தா தொறந்து உடுங்க. உங்க கால்ல உழறேன்."

"உங்களுக்கு யாரு சொன்னா வெள்ளையம்மா?" என்றாள் அருணாதேவி. காலையில் வெள்ளையம்மாள் வேலைக்கு வரவில்லை. வால்வின்மேல் கவிழ்த்த பெட்டியை அவள் பார்த்திருக்கவே முடியாது.

"எங்க ஊட்டுக்காரருதாம்மா சொல்றாரு. ரெண்டு வருஷமா அவருக்குப் பேச்சு கெடையாதும்மா. வாதம் வந்து நாக்கு உள்ள இழுத்துக்கிச்சி. அவரு இப்ப கத்தறாரும்மா. 'பூட்டிட்டான்டா ராமா, பூட்டிட்டான்டா'னு."

சுப்பிரமணியும் அருணாதேவியும் அவள் பின்னால் போனார்கள். ஓட்டு வீடு, இருட்டான ஒற்றை அறை, கயிற்றுக் கட்டில். வெள்ளையம்மாளின் வீட்டுக்காரர் சின்னசாமி எழுபது வயது எலும்பாகக் கிடந்தார். வலது கை மட்டும் அடிவயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே எதையோ பிடித்து இழுத்து இழுத்து முறுக்கிக்கொண்டது. கண் செருகி, வாயோரம் நுரை தள்ளியிருந்தது. ஆனாலும் அந்த முகம் சுப்பிரமணிக்குத் தெரிந்தது. முந்தின நாள் முண்டாசோடு பார்த்த முகம்தான், இருபத்தைந்து வருஷம் கழித்து.

அவர் திரும்பி வீட்டுக்கு ஓடினார். மாடத்தில் கைவிட்டுச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து வால்வைத் திருகினார். தண்ணீர் கால்வாயில் இறங்கியது. வெள்ளையம்மாளுக்குத் துணையாக அங்கே நின்றிருந்த அருணாதேவி பிற்பாடு சொன்னாள். அந்தக் கை சட்டென்று நிதானத்துக்கு வந்ததாம், அலுக்காத ஆள் வேலை செய்கிற மாதிரி ஒரே சீராகப் போனதாம், உடம்பெல்லாம் வேர்த்துப் பாய் நனைந்ததாம்.

சாயங்காலம் வெள்ளையம்மாள் வந்து சமையலறைப் படியில் உட்கார்ந்தாள். அருணாதேவி டீ கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"மொத நாளே தெரியும்மா எனக்கு. அவரு போடற வரப்பு எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருஷம் அவருகூடக் கொல்லியில கெடந்தவ நானு. சொன்னா நீங்க பயந்துனு ஊட்டைக் காலி பண்ணிடுவீங்க. இல்லன்னா மந்திரிக்கறவனக் கூப்டுனு வருவீங்க. அவன் இன்னா பண்ணுவானோ, கட்டில்ல கெடக்கற மனுசனுக்கு இன்னா ஆவுமோன்னு வாயை மூடினு இருந்துட்டேன். தப்புதாம்மா."

"இது உங்க கொல்லியா?" என்றார் சுப்பிரமணி.

"உங்க ஊடு, பின்னாடி சுவரு, அதுக்கு அந்தாண்ட கல்லு நட்டுனு கீறாங்களே, எல்லாம் சேர்ந்து ஒரே கொல்லிங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது."

"ராமன்கிறது தம்பியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னை அப்படித்தான் கூப்பிட்டார்."

வெள்ளையம்மாள் டம்ளரைப் படியில் வைத்தாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, பாத்திகளில் ஈரம் வற்றிக்கொண்டிருந்தது.

"இதே மாதிரி கத்திரிதாங்க. மல்லாட்டை பூ வெச்சி நிக்குது. அன்னைக்குத் தண்ணி உடலன்னா பூவெல்லாம் கருகிடும். கரண்டு மத்தியானம்தான் வந்திச்சு. அண்ணனும் தம்பியும் தண்ணி கட்டினு இருந்தாங்க. கடசிப் பாத்திக்குத் திருப்ப சொல்லோ மோட்டாரு நின்னு பூடுச்சு. நீ போயி பார்த்துட்டு வாடான்னு இவருதான் அனுப்பினாரு. ஈரக் கையோட போனவன் மோட்டாரு சுவிட்சுப் பெட்டியில கையை வெச்சான். அவ்ளோதாங்க. இவரு இங்க மடையைத் தொறந்து வெச்சினு, தண்ணி வரும் வரும்னு பார்த்துனு நிக்கறாரு. அந்தப் பாத்திக்குத் தண்ணி வரவே இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அதுக்கப்புறம் எத்தினியோ தடவ தண்ணி உட்டோம், எத்தினியோ வெள்ளாமை எடுத்தோம். அந்த ஒரு பாத்தியில மட்டும் இவரு எதுவும் போட மாட்டாரு, தண்ணியும் உட மாட்டாரு. அவன் வந்து திருப்பட்டும்னுவாரு. போரு வத்தினப்புறம் கொல்லியை வித்தோம். உங்க ஊட்டுக்குக் கடக்கால் எடுத்த அன்னைக்குத்தான் இவரு உழுந்தாரு. ரெண்டு வருசமா மூச்சு மட்டும் போயினு வந்துனு இருந்திச்சு. இந்தக் கத்திரி பொறந்ததும் மத்தியானமானா இப்படி ஆவுது. தண்ணி ஓடினா கொஞ்சம் அமைதியாவறாரு. ஆனா தூங்க மாட்டேங்கறாரு. கண்ணு சுவத்தையே பார்த்துனு கெடக்குது."

"தண்ணி எட்டல. அதான்" என்றார் சுப்பிரமணி.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அருணாதேவி கஞ்சி மட்டும் வைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு தட்டையும் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கடைசிப் பாத்தி எங்க இருக்கு?"

"சுவருக்கு அந்தப் பக்கம்."

"டேங்க் ஒண்ணு போதுமா?"

"போதாது. இந்த மண்ணு குடிக்கிற குடிக்கு ஒரு லாரியும் வேணும். போர்ல வர்றதும் வேணும். அப்புறம் நமக்கு ஒண்ணும் இருக்காது தேவி. லாரிக்காரன் ஊர்ல இருக்கிற கிராக்கிக்கு இன்னொரு தடவை இந்தப் பக்கம் வர அஞ்சு நாள் ஆகும். போரையும் அவ்வளவு இழுத்தா மோட்டார் போனாலும் போயிடும்."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். பதிலுக்குக் காத்திருந்தவர் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து பெட்டியைப் பார்த்தார். அது கட்டிலடியில் இன்னும் திறந்தே கிடந்தது.

"அஞ்சு நாள் குளிக்காம இருந்தா செத்தாப் போயிடுவோம்?" என்றாள் அருணாதேவி. "லாரிக்காரன் நம்பர் எங்க இருக்கு?"

லாரி மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து சம்ப்பை நிறைத்துவிட்டுப் போயிற்று. வெள்ளையம்மாள் வீட்டிலிருந்து மம்முட்டியும் கடப்பாரையும் வந்தன. சுப்பிரமணி பின்சுவரின் அடியில் கடப்பாரையைப் போட்டார். அறுபத்தாறு வயதில் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. ஒரு கல் பெயர்ந்ததும் அந்தப் பக்கப் பொட்டல் தெரிந்தது. அங்கே போய் வெள்ளையம்மாள் காலால் கோடு போட்டுக் காட்டினாள், இங்கேயிருந்து இதுவரைக்கும் என்று. வரப்பு இழுக்க அவருக்குத் தெரியவில்லை. இழுத்தது கோணியது. அவள் மம்முட்டியைக் கையிலிருந்து வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டு, கட்டிலருகே இருக்க வேண்டுமென்று போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு வால்வைத் திறந்தார். உள்ளே அருணாதேவி சுவிட்ச் பலகையின் அருகே நின்றிருந்தாள், சம்ப்பை ஏற்ற ஒன்று, போரை ஓட்ட ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு. தண்ணீர் சரசரவென்று கால்வாயில் ஓடியது.

அவர் அந்த ஆள் வருவான் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. குயில் நிறுத்தியது, முருங்கை அசைவற்று நின்றது, எல்லாம் முன்போலவே இருந்தது. ஆனால் யாரும் வரவில்லை. ஒருவேளை எல்லாவற்றையும் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று பயந்துகொண்டே மடையை அடைத்தார், அடுத்ததைத் திறந்தார். முதுகு பிளந்தது. கண்ணில் வேர்வை இறங்கி எதிரே எல்லாம் ஆடியது. அவர் வைத்த மண் கரைகிறது என்று தோன்றும்போதெல்லாம் கரையாமல் நின்றது. கோணலாக இழுத்த வரப்பைத் தண்ணீர் உடைக்கும் என்று நினைத்தார், உடைக்கவில்லை. ஏழு, எட்டு. தண்ணீர் சுவரின் துளைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. அவரும் வாசல் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

கடைசிப் பாத்தி தண்ணீரை முதலில் சத்தம் போட்டுக் குடித்தது. வெடிப்புகளிலிருந்து காற்று புட்புட்டென்று வெளியேறியது. அது இருபத்தைந்து வருஷம் தண்ணீர் கட்டாத மண். நுரை பொங்கி, எறும்புகள் மிதந்து, அப்புறம் மெல்ல மெல்லத் தண்ணீர் மேலே நின்றது. வரப்பு விளிம்பு வரைக்கும் நின்று, வானத்தை அப்படியே வாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. சுப்பிரமணி மனைக்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மோட்டார் காற்றை இழுத்து இருமும் சத்தமும், அருணாதேவி அதை நிறுத்தும் சத்தமும் கேட்டன.

நாலு மணிக்கு வெள்ளையம்மாள் கேட்டைத் தட்டவில்லை, பின்பக்கமாகச் சுவர் துளையருகே வந்து நின்றாள். நிறைந்திருந்த பாத்தியை முதலில் பார்த்தாள்.

"போயிட்டாருங்க. மூணு மணி இருக்கும். ரெண்டு கையையும் சேர்த்து இப்படி இப்படித் தேய்ச்சாரு. வராத கையும் வந்திச்சு. வேலை முடிஞ்சா கால்வாயில கை கால் கழுவினு ஊட்டுக்கு வருவாரு பாருங்க, அந்த மாதிரி. அப்புறம் கண்ணை மூடிக்கினாரு."

அடுத்த நாள் சின்னசாமியை எடுத்தார்கள். சுப்பிரமணியும் சுடுகாடு வரைக்கும் நடந்தார். திரும்பி வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும். இவர்கள் வீட்டில் சம்ப் காய்ந்து கிடந்தது, டேங்க் காய்ந்து கிடந்தது, காலையில் போரும் வெறும் காற்றைத்தான் இருமியது. இருந்த இரண்டு கேன் குடிதண்ணீரையும் பிணத்தைக் குளிப்பாட்ட அருணாதேவி காலையிலேயே கொடுத்துவிட்டிருந்தாள். இருவரும் தெருமுனையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் கூடிப் பேசவில்லை. ஒருத்தி உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்தாள். எதிர்வீட்டிலிருந்து இன்னொரு குடம் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு குடம் பிடிக்கிற ஊர் அது. பெண்கள் அருணாதேவியை ஓரமாக உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினார்கள். "முடியைப் பிரிச்சி உடும்மா, உள்ள எறங்கட்டும்" என்று ஒருத்தி சொல்ல, அவள் சொன்னபடி கேட்டாள்.

சுப்பிரமணிக்குக் குடம் கொண்டுவந்தவள் வினோதினி. பக்கத்துக் கொல்லிக்காரர்களின் மருமகள். நாலு வருஷம் முன்னால் கட்டிக்கொண்டு வந்தவள், ஆடு மேய்க்கிறாள். குனிந்து நின்றவர் தலையில் முதல் சொம்பை ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

"நேத்து ஆடு ஓட்டினு வர சொல்லோ பார்த்தேங்க. அந்த வெயில்ல மூணு பேரும் தண்ணி கட்டினு இருந்தீங்களே."

சுப்பிரமணி அசையவில்லை. தண்ணீர் காதோரம் வழிந்து தாடையிலிருந்து சொட்டியது.

"மூணு பேரா?"

"ஆமாங்க. நீங்க ஒருத்தரு. இன்னும் ரெண்டு பேரு, கோவணம் கட்டினு. இந்தக் காலத்துல யாரு கோவணம் கட்றாங்கன்னு நின்னு பார்த்தேன். இன்னா வேலை செய்றாங்க! நீங்க ஒழுங்கா அடைக்காம உட்டதை எல்லாம் ஒருத்தரு பின்னாடியே வந்து மிதிச்சி அடைச்சினு வந்தாரு. நம்ம ஊரு ஆளுங்களாத் தெரியலையே. யாருங்க அவங்க?"

தெருவின் அந்தப் பக்கத்தில் அருணாதேவி ஈரத் தலையோடு நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தை வழித்துக்கொண்டார்.

"எங்க பங்காளிங்கம்மா" என்றார்.

வினோதினி குடத்தில் மிச்சமிருந்ததை மொண்டாள்.

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் தலையில் ஊற்றினாள். "மூணு பேருக்கும் ஒரே ஜாடையா இருந்திச்சு."